டெட் ஸ்பேஸ்: இஷிமுராவுக்குள் முதல்முறை நுழைபவர்களுக்கு

தலையைப் பார்த்துச் சுட்டேன். தலை பறந்தது. தலை போன உடம்பு கையை வீசிக்கொண்டு முன்னைவிட வேகமாக என்மேல் பாய்ந்தது. பதற்றத்தில் நெஞ்சில் நாலைந்து தோட்டாக்களை இறக்கினேன். துப்பாக்கி காலி. அடுத்த நொடி நான் இயக்கிய நாயகன் ஐசக் கிளார்க் இரண்டு துண்டு.

டெட் ஸ்பேஸ் என்ற விண்வெளித் திகில் கேமோடு எனக்கு அறிமுகமான இரவு இப்படித்தான் முடிந்தது. எத்தனையோ வருடம் சுடும் விளையாட்டுகளில் ஊறிய கை, தலையைக் கண்டால் தானாகவே குறி வைத்துவிடுகிறது. இந்த கேம் முதலில் உடைப்பது அந்தப் பழக்கத்தைத்தான். இங்கே நீங்கள் படைவீரர் கிடையாது. பழுது பார்க்க வந்த பொறியாளர். கையில் இருப்பதும் சுரங்கத்தில் பாறை அறுக்கும் கருவி. மெக்கானிக்கைப் போல எங்கே வெட்டினால் என்ன கழலும் என்று பார்த்து ஆடுபவர்கள் பிழைக்கிறார்கள். போர்க்களத்துக்கு வந்ததுபோல் ஆடுபவர்கள் என்னைப்போல் இரண்டு துண்டாகிறார்கள். கீழே நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்து கிளம்புபவைதான்.

எச்சரிக்கை ஒன்று. இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு. ரத்தமும் சதையும் அளவில்லாமல் இருக்கும். கதையின் முடிச்சு எதையும் நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

எந்தப் பதிப்பில் தொடங்குவது?

முதல் டெட் ஸ்பேஸ் 2008 அக்டோபரில் வந்தது. உருவாக்கியது ஈஏ ரெட்வுட் ஷோர்ஸ் ஸ்டுடியோ. பின்னாளில் அதற்கே விசரல் கேம்ஸ் என்று பெயர் மாறியது. இரண்டாம் பாகம் 2011 ஜனவரியிலும் மூன்றாம் பாகம் 2013 பிப்ரவரியிலும் வந்தன. 2017-இல் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். தொடர் அத்தோடு முடிந்தது என்றுதான் எங்களைப் போன்றவர்கள் நினைத்திருந்தோம். மோட்டிவ் ஸ்டுடியோ முதல் பாகத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டி 2023 ஜனவரி 27 அன்று வெளியிட்டது.

புதியவர்களுக்கு என் பரிந்துரை 2023 ரீமேக்தான். பழசின் மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனாலும் இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பழைய பதிப்பில் ஐசக் வாயே திறக்க மாட்டார். யார் என்ன சொன்னாலும் போய்ச் செய்துவிட்டு வருவார். ரீமேக்கில் பேசுகிறார், தானே யோசனை சொல்கிறார், பொறியாளர் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. குரல் கொடுத்த கன்னர் ரைட் இரண்டாம் பாகத்திலும் ஐசக்காக நடித்தவர். புவியீர்ப்பு இல்லாத இடங்களில் பழைய ஐசக் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் தாவத்தான் முடியும். புதியவர் உடையில் இருக்கும் உந்திகளை இயக்கி நினைத்த பக்கம் பறக்கிறார். நான்காம் அத்தியாயத்தில் பீரங்கி முன்னால் உட்கார்ந்து விண்கற்களைச் சுடும் கட்டம் ஒன்று பழையதில் உண்டு. அதில் எத்தனை கன்ட்ரோலர்கள் சுவரில் மோதியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ரீமேக்கில் அதையும் மாற்றிவிட்டார்கள்.

பழைய கணினிதான் இருக்கிறது என்றால் 2008 பதிப்பையே ஆடுங்கள். அதன் ஒளியும் ஒலியும் இன்றும் தாக்குப்பிடிக்கின்றன. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

கதை நடப்பது 2508-ஆம் ஆண்டில். இஷிமுரா என்பது கோள் பிளக்கும் கப்பல். ஒரு கோளின் மேலோட்டிலிருந்து பெரும் பாறைத்துண்டைப் பெயர்த்து மேலே இழுத்து, உடைத்து, கனிமம் எடுப்பது அதன் தொழில். ஈஜிஸ் 7 என்ற கோளின் மேலே நிற்கும் அந்தக் கப்பலிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வருகிறது. பழுது பார்க்க கெலியன் என்ற சிறு கலத்தில் ஒரு குழு கிளம்புகிறது. அதில் ஐசக்கும் ஒருவர். அவருடைய காதலி நிக்கோல் இஷிமுராவில் மருத்துவ அதிகாரி. இதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போங்கள். நிக்கோல் பெயரை இணையத்தில் தேடவே தேடாதீர்கள்.

ஹெட்போன் கட்டாயம். பயமுறுத்துவதில் பாதி வேலையைச் செய்வது ஒலிதான். 2009-இல் இசைக்கு ஒன்று, ஒலிப் பயன்பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு பிரிட்டிஷ் பாஃப்டா விருதுகளை வாங்கிய கேம் இது. இசையமைத்தவர் ஜேசன் கிரேவ்ஸ். ஆபத்து நெருங்க நெருங்க வயலின்கள் பூச்சிக்கூட்டம்போல் இரைச்சலிடும், விலகினால் தணியும். சில நாள் பழகிவிட்டால் கண்ணுக்கு முன்னால் காது எச்சரித்துவிடும். ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள். காற்றுக் குழாய்க்குள் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்கும், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அரை நிமிடம் நிற்பீர்கள், ஒன்றும் வராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை இந்த கேமைச் செய்தவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

திரையின் வெளிச்சத்தை கேம் காட்டும் அளவிலேயே வையுங்கள். பயமாக இருக்கிறதென்று கூட்டினால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், பயமும் போகாது. கடினம் எவ்வளவு என்று கேட்கும்போது நடுத்தரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரீமேக்கில் அதற்குக் கீழே எளிது, கதை என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன, ஆட்டத்தின் நடுவிலும் மாற்றிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனத்தைத் தொந்தரவு செய்யும் காட்சிகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை காட்டவும் சிலவற்றை மறைக்கவும் ரீமேக்கின் செட்டிங்ஸில் வசதி உண்டு. தேவைப்படுபவர்கள் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

முதல் அரைமணி நேரம்

நுழைந்த கொஞ்ச நேரத்தில் விளக்குகள் மாறும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கிழிபடுவார், காதில் "ஓடு" என்பார்கள். கையில் ஆயுதம் ஏதும் இருக்காது. திரும்பிப் பார்க்காமல் ஓடி மின்தூக்கிக்குள் புகுந்துவிடுங்கள். கதவு மூடும். அப்பாடா என்று கன்ட்ரோலரைத் தளர்த்துவீர்கள். அப்போதுதான் இரண்டு கத்திக் கைகள் இடுக்கில் நுழைந்து கதவை விரிக்கும். நான் அந்த இடத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். கதவே அதை நறுக்கிவிடும். தரையில் விழும் அந்தக் கைகளைக் கவனியுங்கள். முதல் பாடத்தை கேம் அங்கேயே நடத்திவிடுகிறது.

அடுத்து ஒரு பட்டறை. மேசை மேல் அந்தப் பாறை அறுக்கும் கருவி, பிளாஸ்மா கட்டர். சுவரில் ரத்தத்தால் எழுதியிருக்கும்: அவற்றின் கைகால்களை வெட்டு. வழக்கமாகப் பாப்-அப் பெட்டியில் வரும் உதவிக்குறிப்பை, சாகும் நேரத்தில் யாரோ ஒருவர் விரலால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இந்த கேமின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

இன்னும் சற்றுப் போனால் பழுதான கதவு ஒன்று படார் படார் என்று திறந்து மூடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் அதில் மாட்டி அறுபட்டவரின் உடல். அங்கே ஸ்டேசிஸ் கருவி கிடைக்கும். கதவின் மேல் பாய்ச்சினால் அது தேன் சொட்டுவதுபோல் மெதுவாக நகரும். நிதானமாகக் கடந்து போகலாம். கதவுக்குச் செய்ததை எதிரிக்கும் செய்யலாம் என்பதை அங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதுகைப் படிக்கப் பழகுங்கள்

திரையின் மூலையில் உயிர் எவ்வளவு, தோட்டா எத்தனை என்று காட்டும் பட்டை எதையும் தேடாதீர்கள். ஐசக் அணிந்திருக்கும் ரிக் உடையின் முதுகெலும்பு நெடுக ஒளிரும் குழாய்தான் அவர் உயிர். அடிபட அடிபட அது குறைந்து நிறம் மாறும். அதன் பக்கத்தில் இருக்கும் அரைவட்டம் ஸ்டேசிஸ் அளவு. தோட்டாக் கணக்கு, குறி வைக்கும்போது துப்பாக்கியின் மேல் எண்ணாக மிதக்கும். கப்பலில் வேலை செய்பவர் மயங்கி விழுந்தால் தூரத்திலிருந்தே சக ஊழியருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அப்படி ஒரு உலகத்துக்குப் பொருந்துகிற உடை.

இதிலிருந்து நடைமுறையில் மூன்று விஷயங்கள். பொருள் பையைத் திறந்தால் அது காற்றில் ஒளித்திரையாக விரியும், ஆனால் ஆட்டம் நிற்காது. பின்னாலிருந்து கத்தி வரும். ஆகவே மருந்தைப் பைக்குள் போய்த் தேடாமல் குறுக்குவழிப் பொத்தானில் எடுக்கப் பழகுங்கள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஆயுதத்தை நிரப்புவதை அனிச்சைச் செயலாக்குங்கள். பிளாஸ்மா கட்டரில் மூன்று தோட்டா மிச்சத்தோடு கதவைத் திறந்து செத்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. சேவ் செய்யும் இடமும் கடையும் புகலிடம் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் வரும்.

வெட்டும் கலை

நெக்ரோமார்ஃப் என்று அழைக்கப்படும் இவை பிணத்திலிருந்து உருமாறியவை. ஏற்கெனவே செத்த உடம்புக்கு மூளையோ இதயமோ முக்கியமில்லை. நகர்வதற்கும் குத்துவதற்கும் உறுப்பு இல்லாமல் செய்தால்தான் அடங்கும். வழியில் அதிகம் எதிர்ப்படும் ஸ்லாஷருக்கு இரண்டு கைகளிலும் நீண்ட எலும்புக் கத்திகள் இருக்கும். முதலில் அதை வைத்துப் பழகுங்கள்.

பிளாஸ்மா கட்டர் மூன்று ஒளிப்புள்ளிகளை ஒரே கோட்டில் காட்டும். அந்தக் கோட்டை நெடுக்காகவும் கிடையாகவும் திருப்பலாம். விறகை அறுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், உறுப்பு எந்தத் திசையில் நீள்கிறதோ அதற்குக் குறுக்கே கோடு விழ வேண்டும். நிற்கும் கால் நெடுக்காக இருக்கிறது, எனவே கோட்டைக் கிடையாக வையுங்கள். பக்கவாட்டில் விரிந்த கைக்கு நெடுக்குக் கோடு. கோடும் காலும் ஒரே திசையில் இருந்தால் பாதித் தோட்டா காற்றில் போகும்.

ஒரு சண்டையை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நடையின் கடைசியில் ஸ்லாஷர் ஓடிவருகிறது. கோட்டைக் கிடையாக்கி, முழங்காலுக்குக் கீழே ஒரு தோட்டா, தேவைப்பட்டால் இன்னொன்று. கால் போய் முகம் குப்புற விழுகிறது. விழுந்ததும் பெரும்பாலானவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுவார்கள். அது கத்திக் கைகளை ஊன்றி ஊர்ந்து வந்துகொண்டிருக்கும். இரண்டு எட்டு பின்வாங்கி, ஊன்றும் கையின் தோளைப் பார்த்து ஒன்று. முடிந்தது. மொத்தம் இரண்டு மூன்று தோட்டா. நான் முதல் இரவில் ஒன்பதுக்கு மேல் வீணடித்தும் செத்தேன்.

ரீமேக்கில் ஒரு கூடுதல் நுணுக்கம். ஒவ்வொரு அடிக்கும் தோல், சதை, எலும்பு என்று அடுக்கடுக்காக உரியும். பார்க்கக் குமட்டும், ஆனால் அதுவே கணக்குப் பலகை. எந்தக் கையில் எலும்பு தெரிகிறதோ அது இன்னும் ஓர் அடியில் கழலும். புதிய இடத்தைத் தேடாமல் அதையே முடியுங்கள்.

எது கூட்டமாக வந்தாலும், எது கண்ணிமைக்கும் வேகத்தில் வந்தாலும், சுடுவதற்கு முன் ஸ்டேசிஸ். கஞ்சத்தனம் வேண்டாம். சேர்த்து வைத்த ஸ்டேசிஸோடு செத்துப்போவதால் யாருக்கும் லாபமில்லை. சுவரில் அதை நிரப்பும் நிலையங்கள் அங்கங்கே இருக்கும். கூட்டத்தில் நடுவில் இருப்பதன் மேல் பாய்ச்சினால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து உறையும்.

தோட்டா இல்லாமலும் சண்டை போடலாம்

கைனெசிஸ் என்பது தூரத்துப் பொருளைக் கைக்கு இழுக்கும் சக்தி. புதியவர்கள் அதைப் பெட்டி நகர்த்த மட்டும் பயன்படுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். ரீமேக்கிலும் இரண்டாம் பாகத்திலும் இதுதான் சிக்கனத்தின் உச்சம்: வெட்டி விழுந்த கத்திக் கையைக் கைனெசிஸால் எடுத்து, அடுத்து வருவதன் மேல் வீசுங்கள். ஈட்டிபோல் குத்தி, சில நேரம் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும். ஒரு தோட்டாவும் செலவில்லை. அறைக்குள் நுழைந்ததும் கூர்மையாக என்ன கிடக்கிறது, வெடிக்கும் உருளை எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நடப்பது என் வழக்கம்.

மிதிப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். ரீமேக்கில் செத்த நெக்ரோமார்ஃபை மிதித்து நொறுக்கினால்தான் உள்ளே இருக்கும் தோட்டாவும் கிரெடிட் எனும் கேம் காசும் வெளியே வரும். இன்னொரு காரணமும் உண்டு. இன்ஃபெக்டர் என்று வௌவால்போன்ற ஒன்று வரும். அது கிடக்கும் மனிதப் பிணங்களின் மேல் அமர்ந்து அவற்றை எழுப்பிவிடும். வழியில் அமைதியாகக் கிடக்கும் பிணத்தின் கைகால்களை முன்னாலேயே மிதித்துத் துண்டாக்கிவிட்டுப் போவது முன்ஜாக்கிரதை. ஐசக் அதைச் செய்யும்போது வாயில் முணுமுணுக்கும் கெட்ட வார்த்தைகளை நாமும் கூடவே சொல்லத் தொடங்கிவிடுவோம்.

துப்பாக்கியால் அடிப்பது மட்டும் நெருக்கடிக்கு. ஒரு மூச்சு விட இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சிலவற்றின் பலவீனம்

எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் கண்டுபிடிக்கும் சுகம் போய்விடும். தெரியாமல் மாட்டினால் ஆட்டத்தையே வெறுக்க வைக்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வயிறு பெருத்து வருவதைக் கண்டால் அந்த வயிற்றைத் தவிர எதை வேண்டுமானாலும் சுடுங்கள். கிழிந்தால் உள்ளிருந்து ஒரு படையே கொட்டும். ஒரு கையில் மஞ்சளாக ஒளிரும் கட்டியைச் சுமந்து தள்ளாடி வருவது எக்ஸ்ப்ளோடர். கட்டியைச் சுட்டால் வெடிக்கும், தூரத்தில் இருந்தால் நல்லது. கட்டி தொங்கும் கையின் இணைப்பில் வெட்டினால் கட்டி முழுசாக விழும். அதை எடுத்து மற்றவற்றின் மேல் எறியலாம். துடித்துத் துடித்து மின்னல்போல் வரும் ட்விட்சர் ஸ்டேசிஸ் இல்லாமல் கைக்கு அகப்படாது. ப்ரூட் எனும் மலைக்கு முன்புறம் கவசம். உறைய வைத்து, பின்பக்கம் போய், மஞ்சளாகத் தெரியும் மூட்டுகளைத் தாக்குங்கள். ராட்சத உறுப்பு ஒன்று காலைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும் கட்டம் வரும். அதிலும் மஞ்சள் வீக்கம்தான் குறி. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குறி வைக்கிற அந்தப் பத்து நொடி, என் கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்கியது.

ஒன்று இருக்கிறது, எவ்வளவு வெட்டினாலும் மறுபடி முளைக்கும். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். காலை வெட்டி, உறைய வைத்து, ஓடுங்கள்.

காசும் நோடும்

தேவைக்கு மேல் இருக்கும் தோட்டாவைக் கடையில் விற்கலாம். கிடைக்கும் காசில் முதலில் எதை வாங்குவது? புதியவர்கள் பளபளப்பான புது ஆயுதத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்வது உடை. மேம்பட்ட உடை கிடைத்த உடனே வாங்குங்கள். அடியும் குறையும், பையில் இடமும் கூடும்.

அப்கிரேட் செய்யும் மேசையில் செலவழிப்பது நோடுகள். தேடினால் சுவர்ப் பெட்டிகளில் கிடைக்கும். 2008 பதிப்பின் கடையில் ஒன்றின் விலை 10,000 கிரெடிட். தொடக்கத்தில் கிடைக்கும் நோடுகளில் பெரும்பகுதியைப் பிளாஸ்மா கட்டரின் சேதத்துக்கும் மீதியை ரிக்கின் உயிர் அளவுக்கும் போடுங்கள். 2008 பதிப்பில் ஒரு வில்லங்கம்: நோடு வைக்கும் வழியில் எந்தப் பயனும் தராத வெற்றுக் கட்டங்கள் உண்டு. நோக்கமில்லாமல் வைத்துக்கொண்டே போகாமல், போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் பார்த்துவிட்டு, குறைவான கட்டங்கள் உள்ள பாதையில் போங்கள். அதே பழைய பதிப்பில் நோடு கொடுத்தால்தான் திறக்கும் அறைகளும் இருக்கின்றன. கையில் எப்போதும் ஒன்றை மிச்சம் வைப்பது நல்லது.

ஆயுதங்களில் மூன்றுக்கு மேல் சுமக்காதீர்கள். ஏந்தியிருக்கும் ஆயுதங்களைப் பொறுத்துத்தான் தோட்டா கிடைக்கும். ஆயுதம் கூடக் கூட எதற்கும் தோட்டா போதாது. லைன் கன் அகலமாக அறுக்கும், காலை வாரிவிட அதைவிட வேறில்லை. ரிப்பர் சுழலும் ரம்பத்தை முன்னால் மிதக்க வைக்கும், குறுகிய நடைகளில் ராஜா. ஃபோர்ஸ் கன் நெருங்கியதைத் தூக்கி எறியும். இவை எல்லாம் சுரங்கக் கருவிகள். ராணுவத்தில் பிறந்த ஒரே ஆயுதம் பல்ஸ் ரைஃபிள். கைக்குப் பழக்கமானதாக இருப்பதால் புதியவர்கள் அதைத்தான் முதலில் கட்டிப் பிடிப்பார்கள், மளமளவென்று தோட்டா தீரும், கைகால் ஒன்றும் சுத்தமாகக் கழலாது. பிளாஸ்மா கட்டரை மட்டும் வைத்துக்கொண்டு முழு விளையாட்டையும் முடிப்பவர்களுக்குத் தனிப் பதக்கமே இருக்கிறது. முதல் ஆயுதத்தோடு கடைசிவரை போகலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

கப்பலுக்குள் நடமாடுவது

வழி தெரியாவிட்டால் வலது ஸ்டிக்கை அழுத்துங்கள். தரையில் நீலக் கோடு விரிந்து அடுத்த இலக்கைக் காட்டும். நான் அதை நேர்மாறாகவும் பயன்படுத்துவேன்: கோடு எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்க அறையை முதலில் துழாவிவிடுவது. மருந்தும் நோடும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பெரிய அறைக்குள் நுழைந்தால் மூலையில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். ஆனால் காற்றுக் குழாயின் வாய்க்குக் கீழே அல்ல. முன்னால் ஒன்று கத்திக்கொண்டு வந்தால் பின்னால் சத்தமில்லாமல் இன்னொன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஏழு முறை நான் சொல்வது சரியாக இருக்கும்.

ரீமேக்கில் கப்பல் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்தது. டிராமில் ஏறிப் பழைய தளங்களுக்குத் திரும்பலாம். முன்பு திறக்காத கதவுகள் பாதுகாப்பு அனுமதி நிலை உயர உயரத் திறக்கும். முதல் அத்தியாயத்தில் ஒரு கதவு திறக்கவில்லையே என்று மணிக்கணக்கில் சுற்றாதீர்கள். பிறகு வந்தால் திறக்கும். அப்படித் திரும்பி வரும்போது அந்த இடம் நீங்கள் விட்டுப்போனபடி இருக்காது. எப்போது விளக்கு அணையும், எங்கே சத்தம் கேட்கும், எது எங்கிருந்து குதிக்கும் என்பதை உங்கள் ஆட்டத்தைக் கவனித்து மாற்றிக்கொண்டே இருக்கும் ஓர் ஏற்பாட்டை ரீமேக்கில் வைத்திருக்கிறார்கள். காலி செய்துவிட்ட அறை என்று எதுவுமே கிடையாது.

சில இடங்களில் மின்பெட்டி ஒன்று உங்களைத் தேர்வு செய்யச் சொல்லும். கதவுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் வேறொன்றை அணைக்க வேண்டும்: விளக்கா, உயிர்வளியா? முதல்முறை நான் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மூச்சை விட்டுக்கொடுத்தேன். எத்தனை நொடி மிச்சம் என்பதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் வந்ததைப் பார்க்கவில்லை. அடுத்தமுறை இருட்டைத் தேர்ந்தெடுத்தேன். அது இன்னும் மோசம். இரண்டிலும் சரியான விடை இல்லை. ஆனால் அந்த நிமிடம் ஐசக்கின் வேலையை நாம்தான் பார்க்கிறோம் என்ற உணர்வு வரும்.

வெற்றிடத்துக்குள் காலடி வைத்ததும் உலகத்தின் ஒலியே அடங்கிவிடும். கேட்பது ஐசக்கின் மூச்சும் மங்கலான அதிர்வுகளும் மட்டும். அதுவரை காதை நம்பிப் பழகியவர்களுக்கு இது திடீரென்று குருடானதுபோல். அங்கே மூன்று நொடிக்கு ஒருமுறை கேமராவைச் சுற்றிப் பாருங்கள். உயிர்வளி நிரப்பும் நிலையத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஒலிப்பதிவுகளையும் எழுத்துக் குறிப்புகளையும் கடந்து போய்விடாதீர்கள். யூனிடாலஜி என்ற மதம், மார்க்கர் என்ற பொருள், கப்பலில் யார் யாரை நம்பினார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் சிதறிக் கிடக்கிறது. ஆனால் எதிரிகளை முடித்த பிறகு கேளுங்கள். யாரோ ஒருவரின் கடைசி வாக்குமூலத்தை உருகிக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே கடைசி வாக்குமூலம் ஆகிப்போனது உண்டு.

பயம் தாங்கவில்லை என்றால்

ஒரே மூச்சில் முடிக்க முயலாதீர்கள். முதல்முறை ஆடுபவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஓர் அத்தியாயம் முடிந்ததும் டிராமில் ஏறி உட்காருவதுபோல் ஒரு அமைதி வரும். அங்கே சேவ் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். நடுச் சண்டையில் நிறுத்தினால் மறுநாள் திரும்ப மனம் வராது, எனக்கு இரண்டு வாரம் வரவில்லை.

நான்கு ஐந்து முறை ஒரே இடத்தில் செத்தால் கேம் அநியாயம் செய்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அங்கே நாம் செய்யாமல் விட்ட ஒன்று இருக்கும்: தரையில் கிடக்கும் உருளை, பக்கத்திலேயே இருக்கும் ஸ்டேசிஸ் நிலையம், பின்வாங்க ஒரு கதவு. சுடுவதை நிறுத்தி ஒருமுறை வெறுமனே சுற்றிப் பார்த்துச் சாகுங்கள். அடுத்தமுறை கடந்துவிடுவீர்கள்.

முடித்த பிறகு

ரீமேக்கை முடித்ததும் புதிய ஆட்டம் பிளஸ் திறக்கும், அதாவது சேர்த்த ஆயுதங்களோடு மறுபடி முதலிலிருந்து ஆடும் முறை. அதில் புதுவகை நெக்ரோமார்ஃப்களும் இன்னொரு முடிவும் காத்திருக்கின்றன. முதலில் இரண்டாம் பாகத்துக்குப் போக நினைப்பவர்கள் போகலாம். சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் நடக்கிறது, சண்டை இன்னும் வேகம், ஐசக்கின் மனநிலை இன்னும் மோசம். தொடரிலேயே எனக்குப் பிடித்தது அதுதான் என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. மூன்றாம் பாகம் பனிக்கோள் ஒன்றில், இருவர் சேர்ந்து ஆடலாம், பயம் குறைச்சல். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. முதல் பாகத்தின் பன்னிரண்டு அத்தியாயங்களின் ஆங்கிலத் தலைப்புகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலிருந்து கீழே பாருங்கள். முடிப்பதற்கு முன்னால் மட்டும் எழுதிவிடாதீர்கள்.